“நல்லா இருக்கு தம்பி” போதாது: ஐந்தாம் படிவ மாணவர் படங்களுக்குக் கருத்துக் கேட்கும் முறை

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் கடைசி ஆண்டு மாணவர்களைத் தனித்தனியே நிறுத்திப் படமெடுத்து, ஆண்டு மலருக்கு ஒன்றும் வீட்டுச் சுவருக்கு ஒன்றுமாகக் கொடுப்பது பழைய வழக்கம். அதை அங்கே ‘சீனியர் போர்ட்ரெய்ட்’ என்பார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களிலும் எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் சீருடையில் ஒரு படம், சேலையிலோ ஜிப்பாவிலோ ஒரு படம் என்று கேட்டு வருவதுண்டு. இந்த வேலையில் இறங்கும் இளைஞர்களுக்குக் கருவி கிடைக்கிறது, யூடியூபில் பாடமும் கிடைக்கிறது. எடுத்த படத்தில் எது சரியில்லை என்று நேராகச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. பட்டணம் சிறியது, படமெடுப்பவர் இன்ன தோட்டத்து இன்னார் மகன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கைப்பேசியை நீட்டி “எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டால், “நல்லா இருக்கு தம்பி, கேமரா என்ன விலை?” என்ற பதில்தான் வரும். மரியாதைக்காகச் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த படத்தைத் திருத்த முடியாது. ஆனால் அந்த அக்காவைக் குறை சொல்வதற்கில்லை, கேட்ட கேள்விக்கு அதற்கு மேல் பதில் கிடையாது. சங்கடப்படாமல் உண்மையைச் சொல்ல அவருக்கு வழி அமைத்துக் கொடுப்பது படமெடுத்தவர் பொறுப்பு.

மதிப்பெண் போடச் சொல்லாமல் தேர்ந்தெடுக்கச் சொல்வது அதற்கான எளிய வழி. ஒரே பிள்ளையின் இரண்டு படங்களை அருகருகே வைத்து, “இதுல எதை வீட்டுல மாட்டுவீங்க?” என்று கேளுங்கள். அவர் ஒன்றை எடுத்த பிறகு, “மத்தது ஏன் வேணாம்?” என்று கேளுங்கள். ஒன்றை ஏற்கெனவே பாராட்டிவிட்டதால் இன்னொன்றைக் குறை சொல்ல அவருக்குக் கூச்சம் இருக்காது. “அதுல கண்ணு செத்தாப்புல இருக்கு” என்பார், “கழுத்து பச்சையா தெரியுது” என்பார். இவைதாம் உங்களுக்கு வேண்டிய சொற்கள். ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடு இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உடை, இடம், நேரம், சிரிப்பு எல்லாமே மாறியிருந்தால் அவர் எதனால் ஒதுக்கினார் என்பது அவருக்கே தெரியாது.

கேட்பதற்கு முன் ஒரு கடமை உண்டு. ஐந்தாம் படிவப் பிள்ளைகள் பெரும்பாலும் பதினேழு வயதினர். மலேசியச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையும்வரை அவர்கள் சிறார்களே. ஆகவே அவர்கள் படத்தைக் குடும்பத்துக்கு வெளியே எவரிடம் காட்டுவதானாலும் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, முடிந்தால் எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். சீருடையில் உள்ள பெயர்ப்பட்டையும் பள்ளிச் சின்னமும் தெரியாதபடி மறைத்த பிரதி ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தாய் மறுத்தால் அந்தப் படம் உங்கள் பார்வைக்கு மட்டும்தான், அதில் பேரம் பேசக்கூடாது.

காட்டும் படங்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்ட வேண்டாம். இலண்டனில் 1853ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி தன் முதல்நிலைத் தகுதிக்குக் கேட்பதும் பத்துப் படங்களைத்தான்; ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதோடு எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பாக நிற்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நூறு படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் எதையும் பார்ப்பதில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவதானால் சாதாரணப் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருக்கப்பட்டு, தலைமுடியின் நுணுக்கமும் தோலின் தன்மையும் போய்விடும், நீங்கள் செய்யாத குற்றத்துக்குக் கருத்து வரும். என்னைக் கேட்டால், 4ஆர் (நான்குக்கு ஆறு அங்குலம்) அளவில் அச்சிட்டு மேசையில் பரப்புவதே மேல். அச்சுக்குக் கொடுக்கும்போது தானியங்கித் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய இயந்திரம் முகத்தை வெளுப்பாக்கித் தந்தால் யாருடைய வேலைக்குக் கருத்துக் கேட்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

இனி யாரிடம் கேட்பது. எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பது வீண். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒன்றுதான் நன்றாகப் பிடிபடும்.

முதலில் அந்தப் பிள்ளை. தன் படத்தைப் பார்த்ததும் “நான் இப்படியா இருக்கேன்?” என்று முகம் சுளிக்காதவர் குறைவு. இதற்கு உங்கள் திறமைக்குறைவு காரணமாக இருக்க வேண்டியதில்லை. நம் முகத்தை நாம் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியிருக்கிறோம். கேமராவோ மற்றவர் பார்க்கும் முகத்தை எடுக்கிறது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான மிட்டா, டெர்மர், நைட் ஆகியோரின் ஆய்வு ஒன்றில், மாணவியர் தங்கள் முகத்தின் கண்ணாடித் தோற்றத்தையும் அவர்களுக்கு நெருக்கமானவர்கள் இயல்பான தோற்றத்தையும் விரும்பும் போக்கு தெரிந்தது. எனவே பிள்ளை ஒரு படத்தை வேண்டாம் என்றால், அதையே இடவலமாகத் திருப்பிக் கணினியில் காட்டிப் பாருங்கள். உடனே பிடித்துவிட்டால் பழக்கத்தின் வேலை என்று விட்டுவிடலாம். திருப்பிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் உண்மையாகவே ஏதோ இருக்கிறது. தாடையை உள்ளே இழுத்திருக்கலாம், கைப்பேசிக் கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனதால் மூக்கு பெரிதாகத் தெரியலாம். பிள்ளையிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி படத்தைப் பற்றியதே அல்ல: “எந்த நேரத்துல உனக்குச் சங்கடமா இருந்துச்சு?” என்று கேளுங்கள். வகுப்பு நண்பர்கள் நின்று பார்த்தபோது, கையை எங்கே வைப்பதென்று தெரியாதபோது என்று அவர்கள் சொல்வதை, அந்த நேரத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டால் விறைப்பு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தவர் தாய், அல்லது வளர்த்த பாட்டி. இவர்களுக்கு ஒளியும் தெரியாது, லென்சும் தெரியாது. ஆனால் பிள்ளையின் உண்மையான சிரிப்பு எது, கேமராவுக்காக வரவழைத்தது எது என்று அவர்களுக்குத் தெரிவதைப்போல் எந்த நடுவருக்கும் தெரியாது. தோல் நிறத்தைப் பற்றியும் இவர்களிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் கவனமாக. “கலர் ஓகேவா?” என்றால் “கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க” என்று வந்துவிடும். “வீட்டு வாசல்ல நின்னா பிள்ளை இந்தக் கலர்லதான் இருக்குமா?” என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். கறுத்த தோலைச் சரியாக எடுப்பது கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது, ஏனென்றால் கருவிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’களில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் முகம்தான் நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது. இன்றைய கேமராவின் ஒளிமானியும் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கவே பார்க்கும். முகம் படச்சட்டத்தை நிறைத்தால் கறுத்த முகம் வெளுத்து உயிரற்றுப் போகும். வெள்ளைச் சீருடைச் சட்டையோ, பாஜு குரோங் என்னும் மாணவியரின் நீண்ட மேலாடையோ படச்சட்டத்தை நிறைத்தால் முகம் இருண்டுவிடும். சட்டையின் நூலிழை தெரியுமளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொண்டு, மார்புக்குக் கீழே ஒரு வெள்ளை மணிலா அட்டையைப் பிடித்து முகத்துக்கு ஒளியைத் தூக்கிக் கொடுப்பதே இதற்கு மலிவான தீர்வு. பாட்டி “இதுதான்யா என் பேத்தி” என்று சொன்ன படத்தின் அமைப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாமவர், பல வருடமாகப் படமெடுத்து வரும் ஒருவர். திருமணப் படம் எடுப்பவராக இருக்கலாம், ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருப்பவராக இருக்கலாம். அவரிடம் முகபாவத்தைப் பற்றிக் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒளி, பின்னணி, தூரம் இவற்றை மட்டும் கேளுங்கள். திருத்திய படத்தோடு திருத்தாத மூலக்கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். எடுக்கும்போதே நடந்த தவறு எது, கணினியில் நீங்கள் சேர்த்த தவறு எது என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியும். நான்காவதாக, பிள்ளையையும் உங்களையும் அறியாத ஒருவர் வேண்டும். அவரிடம் படத்தை ஐந்து நொடி காட்டிவிட்டு மூடி, “என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்டால் போதும். “பின்னால ஒரு மஞ்சள் லோரி” என்றால் வேலை எங்கே என்பது தெரிந்துவிட்டது.

விரிவாக உட்கார்ந்து பேச ஆள் கிடைத்தால், அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990ஆம் ஆண்டு வகுத்த முறை நன்றாக உதவும். பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனத்தில் பதிந்தது எது என்று சொல்கிறார்கள், பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார், அதன்பின் பார்த்தவர்கள் தீர்ப்பு ஒட்டாத கேள்விகளைக் கேட்கிறார்கள், கடைசியாகத்தான், “இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டுத் தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். பெரியவர்களிடம் பேசிப் பழகிய நம்மவர்க்கு இந்த வரிசை அந்நியமாக இராது. மூன்றாவது படியில்தான் சரக்கு அதிகம். “ஏன் பிள்ளையை மரத்தடியில நிறுத்துனீங்க?” என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்கும்போது, உங்களிடம் பதில் இல்லை என்பது உங்களுக்கே புலப்படும்.

அவர்கள் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். “அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு”, “அந்தப் பையன் நிக்கவே மாட்டேன்னான்” என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் எதிரிலிருப்பவர் இரக்கப்பட்டு நிறுத்திவிடுவார். எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

வந்த கருத்துகளைப் பிரிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பார்ப்பவர் உணரும் குறை பெரும்பாலும் உண்மையாக இருக்கும், அதற்கு அவர் சொல்லும் மருந்து பல நேரம் பொருந்தாது. செம்பனைத் தோட்டத்துக்குள் பாஜு குரோங் அணிந்த ஒரு மாணவியை நிறுத்தி எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம். தாய் “முகம் டல்லா இருக்கு, கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம்” என்கிறார். நண்பர் “ஃபில்டர் போடு” என்கிறார். ஸ்டூடியோக்காரர் “வொயிட் பேலன்ஸ் பாரு”, அதாவது கேமராவின் நிறச் சமநிலையைப் பார் என்கிறார். மூவரும் ஒரே குறையைத்தான் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். செம்பனை மட்டைகளின் வழியே வடிந்தும் அவற்றில் பட்டுத் தெறித்தும் வரும் ஒளி பச்சை. கீழே செம்மண் தரையிலிருந்து எழும்பும் ஒளி செம்மை. முன்பக்கம் திறந்திருக்கும் வானத்தின் ஒளி நீலம் கலந்தது. நெற்றியில் ஒரு நிறம், தாடைக்கடியில் ஒரு நிறம், வெள்ளைத் துணியில் எல்லாம் கலந்து தெரிகிறது. இப்படி ஒரே முகத்தில் வெவ்வேறு ஒளி விழும்போது வொயிட் பேலன்சை மாற்றினால் ஒன்று சரியாகும், மற்றது கெடும். பிள்ளையைத் தோட்டத்தின் ஓரத்துக்கு, லோரி போகும் பாதைப் பக்கம் கொண்டுவந்து, முகம் வெளியே வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினால் மரங்கள் பின்னணியாக மட்டும் நின்றுவிடும். பட்டணத்துக்குள் என்றால் பழைய கடைவரிசையின் ஐந்தடிப் பாதையில் நிறுத்திப் பாருங்கள்; மேலே கூரை, ஒரு பக்கம் தெருவின் திறந்த ஒளி என்று அது கூலி கேட்காத ஸ்டூடியோ.

நேரத்தைப் பற்றிய குறையும் இப்படித்தான் மாறுவேடத்தில் வரும். “கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு, பிள்ளை தூங்கலையா?” என்று ஒருவர் கேட்டால், தலைக்கு மேல் நின்ற சூரியனைத்தான் அவர் சொல்கிறார். நம் கடிகாரம் கிழக்கு மலேசியாவோடு ஒத்துப் போவதால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1.15க்கு. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முன்பாதியிலும் அது ஏறக்குறைய நேர் தலைக்கு மேலேயே நிற்கும். பள்ளி விட்டதும் சீருடையோடு வந்து நிற்கும் பிள்ளைகளை அந்த நேரத்தில் வெயிலில் நிறுத்தக் கூடாது. நிழலுக்குள் வையுங்கள், அல்லது மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்த பிறகு நல்ல ஒளி இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரித்து முடித்ததும், இருவருக்கு மேல் தனித்தனியே சொன்ன குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளையை எடுக்கும்போது அதையே மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் எந்த மாற்றம் பலித்தது என்று தெரியாது. போட்டி நடுவர்களின் கருத்தை இந்தக் கணக்கில் தனியாக வையுங்கள். அவர்கள் தேடும் படம் கண்காட்சிச் சுவருக்கு. தாய் தேடுவது சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்ட.

திருத்திய படத்தை முன்பு குறை சொன்னவரிடமே முதலில் கொண்டுபோகாதீர்கள். தன் பேச்சைக் கேட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவார். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, எது முன்னது என்று சொல்லாமல், இதுவரை கேட்காத ஒருவரிடம் எது வேண்டும் என்று கேளுங்கள். அவர் பழையதை எடுத்தால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.