சிறு குழந்தையுடன் பனியில் ஒரு நாள்: முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

பனியைக் காட்டக் குழந்தையை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் வழியைப் பற்றியும் வண்டியைப் பற்றியுமே கவலைப்படுகிறார்கள். ஆனால் அந்த நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை குழந்தையின் கைகளும் பாதங்களும்தான். அவை உலர்ந்திருக்கும் வரை விளையாட்டு நடக்கும், நனைந்துவிட்டால் அழுகை தொடங்கிவிடும். கீழே உள்ள படிகள் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

அடிவாரத்து வானிலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், போகப்போகும் இடத்தின் உயரத்துக்குரிய முன்னறிவிப்பையே பார்க்க வேண்டும். காற்றில்லாத, வெயிலடிக்கும் நாளே முதல்முறைக்கு ஏற்றது. வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் பனியில் சிறிது ஈரம் இருக்கும், உருட்டினால் உருண்டையாகும். கடுங்குளிரில் விழுந்த பனியோ மாவைப் போல உதிரும், பனிமனிதன் செய்யலாம் என்று சொல்லி அழைத்து வந்த குழந்தை ஏமாந்துபோகும். 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் உயரத்தாலேயே தலைவலியும் வாந்தியும் வரக்கூடும் என்பதால், முதல் பயணத்துக்குத் தாழ்வான இடமே போதும்.

படி 2: உடைகள்

இந்தப் படியில் தவறினால் மற்றவை எதுவும் உதவாது. உடலோடு ஒட்டும் முதல் அடுக்காகப் பருத்தியைப் போடக் கூடாது. அது வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு உடல் சூட்டை இழுத்துவிடும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் (மென்மயிர் போன்ற செயற்கை இழைத் துணியாலான மேலுடை) அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என்று மூன்று அடுக்குகள் தேவை. காலுறை ஒரு ஜோடி போதும். சூடாக இருக்கட்டும் என்று இரண்டு ஜோடி மாட்டிப் பூட்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் முன்னிலும் சீக்கிரமாகக் குளிர்ந்துபோகும்.

கையுறையைப் பொறுத்தவரை, ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ளதைவிட, கட்டைவிரல் மட்டும் பிரிந்திருக்கும் வகையே நல்லது. அதில் நான்கு விரல்களும் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக நுழைக்கும் போராட்டமும் இல்லை. எங்கள் முதல் பயணத்தில் ஒரே ஒரு ஜோடிக் கையுறைதான் எடுத்துப் போயிருந்தோம். பனியைத் தொட்டுப் பார்க்க மகள் அதைக் கழற்றிக் கீழே போட்டாள். எடுத்து மாட்டியபோது உள்ளே புகுந்திருந்த பனி உருகி, கால் மணி நேரத்துக்குள் பயணமே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று ஜோடிகள் எடுத்துச் செல்கிறோம்.

படி 3: வண்டியில் போகும்போது

தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டாதீர்கள். பட்டை இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றினாலும், மோதல் நேர்ந்தால் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி, குழந்தை நழுவும் அளவுக்கு இடைவெளி உண்டாகும். ஜாக்கெட்டைக் கழற்றிப் பட்டையை மாட்டிய பிறகு மேலே போர்வையைப் போர்த்துங்கள். டயர் சங்கிலி (பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி) தேவைப்படும் பாதையென்றால், அதை மாட்டும் முறையை முந்தைய நாளே வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள்.

படி 4: பனியில் இறங்குவதற்கு முன்

முதலில் கழிப்பறை, பிறகுதான் உடை. இந்த வரிசை மாறினால் அத்தனை அடுக்குகளையும் கழற்றி மறுபடியும் மாட்ட நேரிடும். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். வெயில் மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் தாக்குகிறது. ஆகவே எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை முகவாய்க்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்பகுதியிலும் தடவுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

படி 5: விளையாட்டும் கண்காணிப்பும்

ஒரே மூச்சில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்காமல் இடையிடையே உள்ளே அழைத்துச் சென்று சூடான பானமும் சிற்றுண்டியும் கொடுங்கள். குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால் அது பெரியவர்களைவிட விரைவாகச் சூட்டை இழக்கிறது; விளையாட்டு மும்முரத்தில் “குளிர்கிறது” என்று வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. கால் மணிக்கு ஒருமுறை சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சில்லிட்டிருந்தால் உடனே உள்ளே போக வேண்டும். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றலாம். விரல் நுனியோ காதோ வெளுத்து மரத்துப்போயிருந்தால் தேய்க்கவே கூடாது. உங்கள் உள்ளங்கையிலோ அக்குளிலோ வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். உணர்ச்சி விரைவில் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

சறுக்கி விளையாடுவதற்கு, மரமோ பாறையோ சாலையோ இல்லாத, முடிவில் நீண்ட சமதரை உள்ள சரிவைத் தேர்ந்தெடுங்கள். கால்கள் முன்னே இருக்கும்படி உட்கார்ந்தே சறுக்க வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும்.

படி 6: திரும்புதல்

பகலில் உருகிய சாலை மாலையில் கண்ணாடிபோல் உறைந்து வழுக்கும். இருட்டுவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுங்கள். இன்ஜினை இயக்குமுன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைபட்டிருந்தால் நச்சுப்புகை வண்டிக்குள் வரும். குழந்தைக்கு உள்ளாடை முதல் காலுறை வரை உலர்ந்த உடைகளை மாற்றிய பிறகு, ஈர உடைகளைப் பையில் போடும்போது கையுறைகளை எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்று குறையும். அது பனிமனிதனின் கையில் இருக்கும்.