உருளைக்கிழங்கு காயா, சோறா? அம்மாவின் தட்டைச் சரிசெய்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு மத்தியானச் சாப்பாடு இதுதான்: சோறு, கிழங்கு போட்ட கோழிக்கறி, பக்கத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல். "காய் எங்கேம்மா?" என்று கேட்டால் அம்மா பிரட்டலைக் காட்டுவார். 30 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் மரத்துக்குப் போன உடம்புக்கு அது தாங்கியது. இப்போது வீட்டோடு இருக்கிறார், இனிப்பு நீரும் வந்துவிட்டது. ஒருநாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சீனி பார்த்தேன்: 13.2 mmol/L.

உடனே கிழங்குக்குத் தடை போட்டேன். கிழங்கு போன இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு செய்தது கீழே.

1. தட்டில் கோடு போடுங்க

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்குதான். (அம்மா முதலில் சுக்குக் காப்பி என்று நினைத்துக்கொண்டார். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு.) கால் தட்டு மாவுச்சத்து, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு மாதிரி புரதம், பாதித் தட்டு காய்கறியும் பழமும். உருளை உட்கார வேண்டியது சோற்றுப் பக்கம். மரவள்ளியும் அப்படியே.

2. மாற்றிப் போடுங்க

100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். அவித்த உருளையில் சுமார் 20 கிராம்தான், ஏனென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். போதாததற்கு பொட்டாசியமும் வைட்டமின் சியும் இருக்கின்றன. கிழங்கு வில்லன் இல்லை, சோற்றோடு கூட்டுச் சேர்ந்தால்தான் வம்பு. ஒரு கிண்ணச் சோற்றை (200 கிராம்) நிறுத்தினால், அதற்குப் பதிலாக நடுத்தரக் கிழங்கு இரண்டு வைக்கலாம், மாவுச்சத்து கொஞ்சம் குறைவாகவே வரும். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி ஒரு வாரம் நிறுங்க, அப்புறம் கண்ணே அளந்துவிடும். கைப்பேசியில் கலோரி எண்ணும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. நம்ம பிரட்டலுக்கு அதில் பெயரே கிடையாது.

3. கறிக்குள் கிடப்பதையும் எண்ணுங்க

நான் சறுக்கியது இங்கேதான். பிரட்டலை நிறுத்தினேன், சோற்றைக் குறைத்தேன், ஆனாலும் எண் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் தட்டிலிருந்த கறிக்கிழங்கைப் பொறுக்கி, குழம்பைக் கழுவி, தராசில் வைத்தேன். "சோத்தத் திங்க விடுடா!" என்றார். நாலே துண்டு, 160 கிராம்! அதாவது இன்னும் அரைக் கிண்ணத்துக்கும் மேலான சோறு. இப்போது கறிக்கு ஆளுக்கு ஒரு துண்டு, மீதிக்குக் கத்தரிக்காய் போடுகிறேன். குழம்பு கெட்டியாக வரவில்லை என்ற முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது. போன வாரம் எண் 9.4.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் சீனி மளமளவென்று இறங்கிவிடக்கூடும். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

4. அவிப்பது

தோலோடு, முழுசாக, சாதாரணச் சட்டியில். குக்கரில் குழைந்துவிடும், குழைந்த கிழங்கு சீனியைச் சீக்கிரம் ஏற்றும். பச்சை பிடித்ததை வாங்காதீங்க. அவித்து ஆறியதும் ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி லேசில் செரிக்காத வகையாக மாறும். மறுநாள் சூடு பண்ணினாலும் கொஞ்சம் நிற்கும். ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, கிழங்கைவிட இரண்டு மடங்கு பயத்தங்காய். முடிந்தது. பொரித்த கிழங்கா? 100 கிராமுக்குச் சுமார் 300 கலோரி. பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போகும் அன்றைக்கு மட்டும்.

பின்சேர்க்கை: ஒருவர் பச்சைக் கிழங்கையே ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு, பொரித்தால் கருகுகிறது என்று எழுதியிருந்தார். நான் சொன்னது அவித்ததை. பச்சையாகக் குளிரில் வைத்தால் மாவு சர்க்கரையாகும், அதனால்தான் கருகுகிறது. இருட்டான, காற்றோட்டமான கூடையில் போடுங்க.

இன்னொன்று: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, தோலோடு கொடுக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டார். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வேண்டாம்மா. தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துவிடுங்க. எவ்வளவு தரலாம் என்று அவருடைய டாக்டரைக் கேளுங்க. வடித்த தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடாதீங்க.