பழைய காரின் சஸ்பென்ஷன்: செலவு செய்வதா, வண்டியைத் தள்ளிவிடுவதா? முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

12, 13 வருடம் ஓடிய ஒரு ஸ்விஃப்டையோ சான்ட்ரோவையோ பட்டறையில் விட்டால், மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "முன்னாடி ரெண்டு ஷாக்கும் போச்சு சார், லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கு, லிங்க் ராடு ஆடுது. எல்லாம் சேர்த்து 25,000 ஆகும்." சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே குலுங்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனின் சாமான்கள் இவை: லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பாடியோடு பிடிக்கும் கை, புஷ் அதன் மூட்டில் இருக்கும் ரப்பர், லிங்க் ராடு வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை இணைக்கும் சிறு கம்பி. உடனே வண்டிக்காரர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: வித்தாலே ஒரு லட்சம்தான் வரும், இதுக்குப் போய் 25,000 போடுவதா?

பெரும்பாலான தப்பு முடிவுகள் இங்கேயே தொடங்குகின்றன. ரிப்பேர் செலவை விற்பனை விலையோடு ஒப்பிடுவது, விற்கப்போகிறவர் போட வேண்டிய கணக்கு. ஓட்டப்போகிறவர் கேட்க வேண்டியது வேறு: இதை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பேன், இது இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு எவ்வளவு ஆகும்? 3 லட்சம் கொடுத்து 8 வருடப் பழைய கார் ஒன்றை வாங்கினால் அதன் புஷ்ஷும் ஷாக்கும் புதிதாக இருக்கப் போவதில்லை. ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, நின்ற வெயிலும் கணக்கு. எஞ்சின் ஆயில் சாப்பிடாமல், கியர் ஒழுங்காக விழுந்து, ஏ.சி. குளிர்ந்தால் அந்தக் கார் இன்னும் 3 வருடம் தாராளமாக ஓடும். அப்போது 25,000 என்பது மாதம் 700 ரூபாய்கூட இல்லை. எந்தக் கடன் தவணையும் இதன் பக்கத்தில் வராது.

இந்த வருடக் கணக்கில் ஆர்.சி.யையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான். அப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். 14 வருட வண்டி என்றால், அடுத்த வருடம் இதைப் புதுப்பிப்பேனா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு ஷாக்கைப் பற்றி யோசிப்பதுதான் சரி.

அடுத்த தவறு, சத்தத்தை மட்டும் வைத்து மொத்த சஸ்பென்ஷனுக்கும் சாவு மணி அடிப்பது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் பல வண்டிகளில் காரணம் லிங்க் ராடுதான். சஸ்பென்ஷனில் விலை குறைந்த சாமான்களில் அதுவும் ஒன்று, ஒரு மணி நேர வேலை. சில சமயம் குற்றவாளி சஸ்பென்ஷனே இல்லை. மேடுபள்ளத்தில் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பிரேக் கேலிப்பரையும் பேடையும் பார்க்கச் சொல்ல வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி போல்ட் லூசாக இருந்தாலும், ஜாக்கி அதன் இடத்தில் உட்காராமல் உருண்டாலும் பின் ஷாக் போனது போலவே கேட்கும்.

குலுங்குகிறது என்பதற்காக ஷாக்கை மாற்றுகிறவர்களும் முதலில் டயரைப் பார்ப்பது நல்லது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருடமான டயர் கெட்டித்துப் போய் ஒவ்வொரு கல்லையும் சீட்டுக்கு அனுப்பும். பங்க்கில் காற்று அடிப்பவர் 40 என்று வைத்துவிட்டாலும் அதே கதைதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கான காற்று அளவு இருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த பில்லுக்கும் தலையாட்டக் கூடாது.

ஷாக் உண்மையிலேயே போனதா என்பதற்கும் நம்பகமான அடையாளம் உண்டு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். ஷாக் உடம்பில் லேசாக எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து, தூசி அப்பி, சேறு போல இருந்தால் அது முடிந்தது. டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடும் குழியுமாக அலையலையாகத் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரம் சாலையை ஒட்டி ஓடாமல் குதித்துக்கொண்டே ஓடியிருக்கலாம். குதிக்கிற சக்கரத்துக்கு பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்காது. மழையில் சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் 80ல் போகும்போது இது சொகுசு விஷயமாக இருக்காது.

இதைவிட ஆபத்தான குழப்பம், எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, "பணம் வந்ததும் மொத்தமாகச் செய்துகொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது. ஷாக் தளர்ந்த வண்டியை மெதுவாக ஓட்டிச் சில நாள் சமாளிக்கலாம். பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) ஆடுகிற வண்டியையோ, ஸ்டியரிங் டை ராடு எண்ட் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) தேய்ந்த வண்டியையோ, ஸ்பிரிங் உடைந்த வண்டியையோ ஒரு நாளும் சமாளிக்கக் கூடாது. பால் ஜாயின்ட் உருவிக்கொண்டால் சக்கரம் மடங்கிவிடும், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பயனில்லை. தயவுசெய்து இந்த ஒன்றில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். பட்டறையில் வண்டியைத் தூக்கியதும், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம் சந்தேகம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டின் நிலை தெரியும். இதை நீங்களே வீட்டில் பார்ப்பதானால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

மேலே சொன்ன எதைவிடவும் முடிவைத் தீர்மானிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: புதுச் சாமானைப் பூட்டப்போகும் தகரம் எப்படி இருக்கிறது? ஷாக்கை மாற்றலாம், ஆர்மை மாற்றலாம். அவை பூட்டியிருக்கும் பாடி துருவில் கரைந்திருந்தால் புதுச் சாமான் பழைய ஓட்டையில்தான் தொங்கும். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக்கின் தலை பூட்டியிருக்கும் இடம் தெரியும். அதைச் சுற்றித் தகரம் உப்பியிருக்கிறதா, வெல்டிங் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைத் தூக்கியபின் லோயர் ஆர்ம் பூட்டும் கிராஸ் மெம்பர் (அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம்), பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டச் சொல்லுங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. சத்தம் செத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அங்கே இரும்பு இல்லை. கறுப்பாகப் புதுக் கோட்டிங் அடித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அதற்கடியில் துரு ஒளிந்திருக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வண்டிகளிலும், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த வண்டிகளிலும் இந்தச் சோதனையை விடவே கூடாது. ஷாக் பூட்டும் இடமே அரித்துப்போயிருந்தால் அந்த 25,000 ரூபாயை அடுத்த வண்டிக்கு எடுத்து வையுங்கள். மேலோட்டமான டிங்கரிங் அந்த இடத்தைக் காப்பாற்றாது.

தகரம் நன்றாக இருந்து, செய்வது என்று முடிவானால், பாதிச் செலவில் முடிக்கும் யோசனைகள் வரிசையாக வரும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகினால் வண்டி உயரும், அடி தட்டாது என்பார்கள். உயரும்தான். ஆனால் ஸ்பிரிங் சுருங்க வேண்டிய இடத்தைப் பஃபர் அடைத்துவிடுவதால் மிச்சச் சுற்றுகளுக்குச் சுமை கூடும், உயிர்போன ஷாக்கும் அப்படியே இருக்கும். பழைய ஷாக்கில் எண்ணெய் மாற்றி, சீல் போட்டு, பெயின்ட் அடித்துத் தரும் ரீகண்டிஷன் சரக்கும் வேண்டாம். கீறல் விழுந்த ராடு புது சீலையும் சீக்கிரம் அறுத்துவிடும். கம்பெனி சர்வீஸ் விலை கட்டாது என்றால் கேப்ரியல் ஷாக், ரானே பால் ஜாயின்ட் போன்றவற்றை நல்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில்லோடு வாங்கலாம். ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஷாக்கைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்குவது), தூசி உறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு தனியாக மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி.

புதுப் புஷ் ஆறே மாதத்தில் கிழிந்தால் எல்லோரும் சாமானைத்தான் திட்டுவார்கள். பல நேரம் காரணம் போல்ட்டை முறுக்கிய விதம். லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டைக் கடைசிவரை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிரந்தரமாக நிற்கும். அதனால் போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அதே நாளில் வீல் அலைன்மென்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்து, செய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.