ஆர்டர் தையலில் தவறுவதில்லை: புதிய மெர்ச்சண்டைசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டைத் தைத்து முடிக்க 10 நிமிடம் போதும். அதே டி-ஷர்ட்டுக்கான ஆர்டர் உறுதியாகி, சரக்கு கன்டெய்னரில் தூத்துக்குடிக்குக் கிளம்ப 90 நாள் வரை ஆகிறது. இடையில் உள்ள நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பதில் போகிறது. நிறத்துக்கு ஒப்புதல் வரவேண்டும், நூல் வரவேண்டும், சாயப்பட்டறையில் நம் முறை வரவேண்டும். ஓர் ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தக் கற்றுக்கொள்வது என்றால், என் அனுபவத்தில், இந்தக் காத்திருப்புகளை நடத்தக் கற்றுக்கொள்வதுதான். புதிதாக மெர்ச்சண்டைசிங் வேலைக்கு, அதாவது ஓர் ஆர்டரை இப்படி நடத்தும் பொறுப்புக்கு, வருகிறவர்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

இன்றிலிருந்து எண்ணுவது

ஆர்டர் உறுதியானதும் புதியவர் காலண்டரை எடுத்து இன்றைய தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணத் தொடங்குவார். நூலுக்கு ஒரு வாரம், பின்னலுக்கு ஒரு வாரம், சாயத்துக்குப் பத்து நாள் என்று கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் அழகாகப் பொருந்திவிடும். எண்ண வேண்டியது கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி. கன்டெய்னர் எந்த நாள் கிளம்ப வேண்டும், அதற்கு முன் இறுதி ஆய்வு எந்த நாள், ஆய்வுக்குள் எத்தனை பீஸ் பெட்டியில் இருக்க வேண்டும், அப்படியானால் கட்டிங் எந்த நாளுக்குள் தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். இறங்கி வரும்போதுதான், நிற ஒப்புதல் நேற்றே வந்திருக்க வேண்டும் என்ற உண்மை தெரியும். அது முதல் நாளிலேயே தெரிவது நல்லது.

அந்தக் காலண்டரில் நம்மவர்களின் நாட்களும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஊர் காலியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை வருகிறது. பீகாரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் அதை முடித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள். தென்மாவட்டத்துத் தொழிலாளர்களுக்கு ஊர்த் திருவிழாக்கள் உண்டு. சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார், அதாவது பையரின் பக்கமும் அப்படித்தான். டிசம்பர் 20ஆம் தேதி ஐரோப்பாவுக்கு அனுப்பிய சாம்பிளுக்குப் பதில் ஜனவரியில்தான் வரும், ஆகஸ்டில் பாதி அலுவலகம் விடுமுறையில் இருக்கும். இவை எதுவும் எதிர்பாராத தடைகள் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு வருகிறவை.

டைம் அண்ட் ஆக்‌ஷன் என்பதைச் சுருக்கி டிஎன்ஏ என்று எல்லோரும் அழைக்கும் கால அட்டவணையைப் பையர் கேட்டார் என்பதற்காக ஒருமுறை நிரப்பி அனுப்பிவிட்டுத் திரும்பத் திறக்காமல் இருப்பதும் இதே வகைத் தவறுதான். திங்கள்தோறும் திறந்து பார்க்காத அட்டவணையால் பயனில்லை.

பெரிய வேலையை மட்டும் பார்ப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் நடத்திய ஓர் ஆர்டர்: பெண்களுக்கான மேல்சட்டை, 12,000 பீஸ். முதலில் முழுப் பருத்தி என்று பேசிய துணியைப் பையர் பிறகு 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்தேன் என்று மாற்றினார். நூலை மாற்றினேன், பின்னலை மாற்றினேன், புதிய விலை வாங்கினேன். துணி நேரத்துக்கு வந்தது, கட்டிங் நேரத்துக்குத் தொடங்கியது. தையல் தொடங்கிய மறுநாள் மாஸ்டர் கூப்பிட்டார்: "தம்பி, துணி இருக்கிறது, டெய்லர்கள் இருக்கிறார்கள், வாஷ் கேர் எங்கே?"

சலவைக் குறிப்பு அச்சிட்ட அந்தச் சின்ன லேபிளை இடது பக்கத் தையலுக்குள் வைத்துத்தான் ஓவர்லாக் அடிக்க வேண்டும். அது இல்லாமல் பக்கம் மூட முடியாது, பக்கம் மூடாமல் கீழ் மடிப்பு அடிக்க முடியாது. லேபிள் வந்துதான் இருந்தது. ஆனால் அதில் 100 சதவீதம் பருத்தி என்று இருந்தது. துணி மாறியதைச் சொல்ல வேண்டிய எல்லோருக்கும் சொன்ன நான், லேபிள் அச்சிடுகிறவருக்குச் சொல்லவில்லை. பல மொழிகளில் வாசகத்தைத் திருத்தி, பையரிடம் ஒப்புதல் வாங்கி, மறுபடி அச்சிட 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் பக்கம் திறந்த சட்டைகள் மூட்டை மூட்டையாகத் தளத்தில் கிடந்தன. லேபிள் வந்த நாளில் டெய்லர்கள் வேறோர் ஆர்டருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. ஒரு காத்திருப்பு இன்னொரு காத்திருப்பைப் பெற்றெடுக்கும் என்று அன்று கண்டேன்.

எந்த வேலை தாமதமானால் முடிவுத் தேதியே தள்ளிப்போகுமோ, அந்த வேலைகளின் சங்கிலியைத் திட்ட மேலாண்மையில் கிரிட்டிக்கல் பாத் என்பார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் தன் ரசாயன ஆலைப் பணிகளுக்காக உருவாக்கிய முறை இது. அதில் ஒரு வேலையின் விலையோ அளவோ கணக்கில் வராது. ஒரு சட்டையின் செலவில் மிக மலிவான பொருள் அதன் நடுவில் போய் உட்கார்ந்துவிடும்.

சங்கிலியைச் சரியாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் உத்திரங்கள், கடலில் விழுந்தன. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே 6 மாதம் குறித்தது. இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் வேலை முடிந்தது. புதிய கர்டர்கள் செய்து வரவழைப்பதுதான் அங்கே மிக நீளமான காத்திருப்பாக இருந்திருக்கும். கடலில் கிடந்தவற்றையே தூக்கியெடுத்துப் பொருத்தியதால் அந்தக் காத்திருப்பே இல்லாமல் போனது. ஆட்கள் வேகமாக உழைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் நாட்கள் ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடித்ததைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

பாதி ஒப்புதலை முழு ஒப்புதலாகப் படிப்பது

லேப் டிப் என்பது சாயப்பட்டறை செய்து தரும் சின்னத் துணித் துண்டு. ஒரே நிறத்தில் ஏ, பி, சி என்று மூன்று சாயல்கள் போகும்; பையர் அவற்றை விளக்குப் பெட்டியில், பகல் ஒளியிலும் கடை விளக்கொளியிலும் வைத்துப் பார்ப்பார். "பி சரி, கொஞ்சம் சிவப்பைக் குறைக்கவும்" என்று பதில் வரும். புதியவர் "பி சரி" என்பதோடு படிப்பதை நிறுத்திவிடுவார். பிறகு 3 டன் துணி சிவப்பு குறையாமலே சாயமேறி வரும்.

தொலைபேசியில் சொன்ன ஒப்புதலும் அப்படித்தான். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அவருக்கு அது நினைவிருக்காது, அல்லது அவர் அந்த வேலையிலேயே இருக்கமாட்டார். பேசி முடித்ததும் "நாம் பேசியபடி, பி சாயலில் சிவப்பைக் குறைத்து நேரடியாக மொத்தத் துணிக்குப் போகிறோம்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்ப ஒரு நிமிடம் ஆகும்.

கிராம் கணக்கில் அலட்சியம்

20,000 பீஸ் ஆர்டர், ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி என்று கணக்கிட்டால் 4,000 கிலோ. மார்க்கரை, அதாவது வெட்ட வேண்டிய துண்டுகளைத் துணியில் அடுக்கும் வரைபடத்தை, சரியாகப் போடாமல் உண்மையில் 210 கிராம் பிடித்தால் 200 கிலோ பற்றாக்குறை. கட்டிங் மேசையில் கடைசி ரோல் தீரும்போதுதான் இது தெரியவரும். 200 கிலோவின் விலை பெரிய நஷ்டம் இல்லை. மறுபடி நூல் வாங்கி, பின்னி, சாயமேற்றினால் அந்தத் துணியின் நிறம் முதலில் சாயமேற்றிய லாட்டோடு ஒட்டாது என்பதும், அதற்குள் இரண்டு வாரம் போய்விடும் என்பதும்தான் நஷ்டம். நூலுக்கு ஆர்டர் போடும் முன் பேட்டர்ன் மாஸ்டரோடு உட்கார்ந்து எல்லா அளவுகளுக்கும் ஒரு பீஸுக்கான துணிச் சராசரியைப் பார்த்துவிட வேண்டும்.

கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுவது

நான் பார்த்ததிலேயே அதிகப் பணத்தைத் தின்ற தவறு இது. தாமதமாகும் என்பது நமக்கு ஐந்து வாரம் முன்பே தெரியும். எப்படியாவது பிடித்துவிடலாம் என்று நான்கு வாரம் பேசாமல் இருப்போம். ஐந்து வாரம் முன்பே சொல்லியிருந்தால் பாதிச் சரக்கை முதலில் அனுப்பலாம், அல்லது பையர் தன் கடைகளில் இந்த நிறத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் சொன்னால் விமானம் ஒன்றுதான் வழி. அந்தக் கட்டணம் ஏற்றுமதியாளர் தலையில் விழும், ஆர்டரின் லாபம் அதோடு போய்விடும். 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. செய்தி கேட்ட அன்றே பையரிடம் பேசிப் புதிய தேதி வாங்கியவர்களுக்கு இழப்பு குறைவாக இருந்தது.

இதே காரணத்தால் ஒரே சாயப்பட்டறையை, கூலிக்குத் தைத்துத் தரும் ஒரே பவர் டேபிளை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. 2011 ஜனவரி இறுதியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த உத்தரவு நியாயமானது. அது ஒரே நாளில் முளைத்ததும் அல்ல. வழக்கு பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அதைக் கவனித்துவந்தவர்களுக்கு வெளியூர்ப் பட்டறைகளோடு முன்கூட்டியே பேசிவைக்க நேரம் இருந்தது.

ஆய்வைக் கடைசி நாளுக்கு விடுவது

10,000 பீஸ் கொண்ட லாட்டில், வழக்கமான ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 முறைப்படி ஆய்வாளர் 200 பீஸ் எடுப்பார். 10 பழுது வரை ஏற்பார், 11ஆவது வந்தால் லாட் முழுவதும் திரும்பும். பெட்டி கட்டியபின் திரும்பினால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தைத்து வந்த முதல் 500 பீஸில் நாமே அதே கண்ணோடு ஆய்வு செய்தால், தவறு ஒரு மெஷினில் இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

கப்பல் ஏறியதும் ஆர்டர் கோப்பினை மூடாமல் விடுவது

சரக்கு போனதும் எல்லோரும் அடுத்த ஆர்டருக்கு ஓடுவார்கள். 20,600 வெட்டி 19,850 அனுப்பினோம், மீதி 750 எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வெளியே கூலிக்குக் கொடுத்த ஜாப் ஒர்க் பில்கள் மூன்று மாதம் கழித்து வரும்போது எந்த வேலைக்கு என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆர்டர் முடிந்த ஒரு வாரத்துக்குள் வெட்டியது, தைத்தது, அனுப்பியது, மிஞ்சியது, எங்கே எத்தனை நாள் நின்றது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வைக்கச் சொல்கிறேன்.

அந்த 12,000 மேல்சட்டைகளுக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த பருவத்தில் அதே பையர் அதே சட்டையை வேறு நிறத்தில் கேட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு நூலுக்கு முன்பே, முதல் வாரத்திலேயே, வாஷ் கேர் வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கினேன். துணி வருவதற்கு ஒரு மாதம் முன்பே லேபிள்கள் ஸ்டோரில் இருந்தன.