எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு: பிப்ரவரி முதல் மே வரை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தின் பிற்பகுதியில் வெளியாகின்றன. அதன்பின் விண்ணப்பத்துக்குச் சில வாரங்களே இருக்கும். நேர்காணல், காத்திருப்பு, கடிதம் என்று ஏப்ரலும் மேயும் ஓடிவிடும். மே இறுதிவாக்கில் ஏதாவது ஓர் இடத்தை ஏற்றாக வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு விண்ணப்பம் சற்று முன்னதாகத் தொடங்கினாலும் முடிவெடுக்கும் காலம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த மாதங்களில் வீட்டில் எழும் சண்டைகள் படிப்பைப் பற்றியவை போலத் தோன்றும். இரு பிள்ளைகளோடு இதைக் கடந்து வந்தவள் என்ற முறையில் நான் கண்டது வேறு: முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை யாரோ சொல்லாமல் வைத்திருந்ததுதான் பெரும்பாலும் சண்டைக்குக் காரணம். சொல்லாமல் வைத்தது முதலில் பணம். அடுத்தது, பெற்றோர் மனத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் ஆசை. இரண்டையும் கடிதம் வருவதற்கு முன்பே மேசைமேல் வைத்துவிடுவது நல்லது.

முடிவுகள் வருமுன்: பணக் கணக்கு

எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் எண்ணாகச் சொல்லிவிடுங்கள். "படிப்புக்கு என்றால் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மில் பலரும் சொல்கிறோம், அன்பினால் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி மெல்பர்னிலிருந்து கடிதம் வாங்கிவந்த பிள்ளையிடம் மே மாதத்தில் "அவ்வளவு முடியாது" என்று சொல்லும்போது, அந்த அன்பு ஏமாற்றமாக மாறிவிடுகிறது. விரலுக்கேற்ற வீக்கம் எது என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்களே அதற்குள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

உள்ளூர்க் கணக்கு அவ்வளவு கடினமில்லை. கல்வியமைச்சின் கட்டண மானியம் கழிந்தபின் குடிமக்களுக்குப் பெரும்பாலான பட்டப்படிப்புகளின் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல் வரும். மருத்துவப் படிப்புக்கு அது 30,000 வெள்ளியை ஒட்டிச் செல்லும். நிரந்தரவாசிகளுக்குக் கட்டணம் கூடுதல். அதோடு, மானியத்தைப் பெறும் நிரந்தரவாசிகள் பட்டம் வாங்கியபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட நிறுவனத்தில் வேலை பார்க்கக் கடமைப்பட்டவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசத்தில் இருக்கும் குடும்பங்கள், பிள்ளை படித்து முடித்ததும் வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்த நிபந்தனையைக் கையெழுத்திடும் முன்பே பேசிவிட வேண்டும்.

பணம் வரும் வழிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். முதலில் பார்க்கவேண்டியது, பள்ளிக்காலத்தில் அரசாங்கம் பணம் போட்டுவந்த எடுசேவ் கணக்கின் மிச்சம் போய்ச் சேர்ந்திருக்கும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பலர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அடுத்தது கல்விக் கட்டணக் கடன்: மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை, ஆனால் பிணையாளர் ஒருவர் வேண்டும். மூன்றாவது, மத்திய சேமநிதியின் கல்விக் கடன் திட்டம். நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். தந்தை அல்லது தாயின் சாதாரணக் கணக்கிலிருந்து போகும் அந்தப் பணம் பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசன்று. படிப்பை முடித்து ஓராண்டானதும் பிள்ளை அதை வட்டியோடு, அதிகபட்சம் 12 ஆண்டுகளுக்குள், அதே கணக்கில் திருப்பிக் கட்டவேண்டும். கணக்கில் உள்ள தொகை முழுவதையும் எடுக்கவும் முடியாது. பொதுவாக 40 விழுக்காடுதான் வரம்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனின் மாதத் தவணையும் அதே கணக்கிலிருந்து போகிறது என்றால், இரண்டையும் அது தாங்குமா என்று முதலில் பாருங்கள். குடும்ப வருமானத்தை ஆள்கணக்கில் வகுத்துப் பார்த்து அரசாங்கம் வழங்கும் உயர்கல்வி உதவிநிதிகளும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்கள் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உபகாரச் சம்பளம் என்றதும் மனம் மகிழ்வது இயல்பு. அதோடு வரும் பணிப் பிணையையும், அதாவது படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு வேலை பார்ப்பதாகத் தரும் உறுதியையும், சேர்த்தே எடைபோட வேண்டும். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தில் உள்நாட்டில் படித்தால் 4 ஆண்டு, ஆங்கிலம் பேசும் நாட்டுக்குச் சென்று படித்தால் 6 ஆண்டு. பிணையை உடைத்தால் கட்டவேண்டிய தொகைக்குப் பிணையாளராகக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான். பதினெட்டு வயதில் ஆறு ஆண்டு என்பது பிள்ளையின் அதுவரையிலான வாழ்நாளில் மூன்றிலொரு பங்கு என்பதை நினைத்துப் பார்த்து, அவர்களுக்கு அந்த வேலையில் உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

விண்ணப்ப வாரங்கள்

விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். நீங்கள் பார்க்கவேண்டியது தேதிகளையும் மின்னஞ்சல் முகவரியையும். இதில் என் வீட்டிலேயே ஒரு சறுக்கல் நேர்ந்தது. மகன் தன் கல்லூரி கொடுத்த முகவரியைக் கொடுத்திருந்தான். கல்லூரியை விட்டு வந்தபின் அதை அவன் திறந்து பார்ப்பதே இல்லை. நேர்காணலுக்கான அழைப்பு அங்கே நான்கு நாள் தூங்கிக் கிடந்தது. வேறு நாள் கேட்டு எழுதினோம், பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்கள். தனிப்பட்ட முகவரி ஒன்றைக் கொடுப்பதும், தேவையற்ற அஞ்சல்கள் போய்ச் சேரும் பகுதியையும் தினம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் போதும்.

படிப்புகளை எந்த வரிசையில் எழுதுவது என்பது பெற்றோர் அதிகம் குழப்பும் இடம். விருப்ப வரிசைப்படியே பரிசீலனை நடக்கும் இடங்களில், "கிடைக்கக்கூடியதை மேலே போடு, ஆசைப்பட்டதைக் கீழே போடு" என்ற அறிவுரை பிள்ளைக்குத் தீங்குதான் செய்யும். மேலே எழுதியது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. உண்மையில் எதை அதிகம் விரும்புகிறார்களோ அது முதலில் வரட்டும்.

முந்தைய ஆண்டில் இடம் பெற்றவர்களின் மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன. இடம் பெற்ற 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து பத்தாவது ஆளும் தொண்ணூறாவது ஆளும் வாங்கிய மதிப்பெண்கள் அதில் இருக்கும். கீழ் எண்ணைக் குறைந்தபட்சத் தகுதி என்று எடுத்துக்கொண்டு, "உனக்கு அது எட்டாது" என்று சொல்லிவிடும் பெற்றோர் உண்டு. அந்த எண்ணுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மதிப்பெண்ணோடு திறனையும் ஆர்வத்தையும் பார்த்துச் சேர்க்கும் வழியும் இப்போது இருப்பதால், எல்லையை ஒட்டி நிற்கும் பிள்ளை முயன்று பார்ப்பதில் தவறில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகளின் உச்சவரம்பு 90இலிருந்து 70 ஆகிவிட்டது. எச் 2 எனப்படும் மூன்று முதன்மைப் பாடங்களும் பொதுத்தாளும் கணக்கில் வரும். நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். அண்ணனின் 85ஐ வைத்துத் தங்கையின் 66ஐ எடைபோட்டால் வீண் கலக்கந்தான் மிஞ்சும்.

விண்ணப்பக் கட்டுரையை நீங்கள் எழுதித் தராதீர்கள். நேர்காணலில் அமர்ந்திருப்பவர்கள் அந்தக் கட்டுரையிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள். படித்துப் பார்த்து, "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்கள்

ஏப்ரல் 14 அன்று தமிழ்ப் புத்தாண்டு வரும். சிராங்கூன் சாலைக் கோயிலில் தெரிந்தவர்கள் எல்லாரும் எதிர்ப்படுவார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அப்போது நண்பர்கள் சிலருக்குக் கடிதம் வந்திருக்கும், உங்கள் பிள்ளைக்கு வந்திருக்காது. "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மாமா" என்ற ஒரு வரிப் பதிலை நீங்களே முன்வந்து சொல்லிவிட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்காது. கடிதங்கள் ஒரே நாளில் வருவதில்லை; மே மாதத்திலும் வந்துகொண்டிருக்கும்.

கடிதங்கள் கையில்: எதை வைத்து ஒப்பிடுவது

பெயரை வைத்து ஒப்பிடுவது எளிது, பயன் குறைவு. ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களும் பாடம் நடத்தும் முறையில் வெகுவாக வேறுபடுகின்றன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் சிறு வகுப்பில் வாய்திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. பேசத் தயங்கும் பிள்ளைக்கு அது சுமையாகலாம், அல்லது அந்தத் தயக்கத்தையே உடைக்கலாம். பொங்கோலில் புதிய வளாகம் கண்டிருக்கும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் பல படிப்புகளில், பாடத்தோடு பின்னிய நீண்ட வேலைப் பயிற்சி கட்டாயப் பகுதி. தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் முதல் மூன்று பருவங்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்பதால், எந்தப் பொறியியல் என்று இன்னும் தீர்மானிக்காத பிள்ளைக்கு அவகாசம் கிடைக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்கள் எந்தப் பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும் என்று கேட்டறிய வேண்டும். அரையாண்டு மிச்சமானால் அது அரையாண்டுக் கட்டணமும்தான்.

பயணத்தைக் காகிதத்தில் கணக்கிடாதீர்கள். பாசிர் ரிஸில் வசிக்கும் பிள்ளைக்கு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் தீவின் மறுகோடி. வாரநாள் காலையில் பிள்ளையே ஒருமுறை எம்ஆர்டி ரயிலில் பூன் லே வரை சென்று, அங்கிருந்து பேருந்தும் ஏறி, எட்டரை மணி வகுப்புக்குப் போவதுபோல் போய்ப் பார்க்கட்டும். விடுதியில் தங்குவதா, அதற்கு மாதம் எவ்வளவு என்ற பேச்சு அந்த ஒரு காலைப் பயணத்திலேயே தெளிவாகிவிடும். பொது வரவேற்பு நாளில் பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்பதைவிட, பிள்ளை தனியாக இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு உணவுக்கடையில் பேசிவிட்டு வருவதே மேல்.

பட்டதாரி வேலை நிலவரக் கணக்கெடுப்பைக் கல்வியமைச்சு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. படிப்பு வாரியாக வேலை கிடைத்த விகிதமும் இடைநிலைச் சம்பளமும் அதில் இருக்கும். பாருங்கள், ஆனால் அது இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் எடுத்த நிலவரம் என்பதை மறக்காதீர்கள். இன்றைய முதல் சம்பளத்தை வைத்து நான்கு ஆண்டு கழித்து வேலை தேடப்போகும் பிள்ளையின் வாழ்க்கையைக் கணிக்க முடியாது.

பெற்றோரின் ஆசைக்கு வருகிறேன். மருத்துவர், வழக்கறிஞர், கணினித் துறை என்ற மூன்றுக்குள் நம் சமூகம் சுற்றிவருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் மகள் சமூகப் பணி படிக்க விரும்புவதாகச் சொன்னபோது நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு மாலையில், "எனக்கு நீ கணக்காளராக வேண்டும் என்று ஆசை, அது என் ஆசை, உனக்கு அதில் பொறுப்பில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னேன். அதன்பிறகுதான் அவள் தன் பயங்களைச் சொன்னாள். சம்பளத்தைப் பற்றி என்னைவிட அதிகம் அவளே கவலைப்பட்டிருந்தாள். பிடிக்காத படிப்பைப் பிள்ளை எடுத்தால் உங்கள் அச்சத்தை ஒருமுறை, காரணத்தோடு, தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை சொன்னால் அது மிரட்டலாகத்தான் கேட்கும். தமிழ் படிக்க விரும்பும் பிள்ளையிடம் "தமிழ் படித்து என்ன செய்வாய்" என்று கேட்கும் முன், சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருப்பதையும், நம் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் தேவை இருந்துகொண்டே இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வெளிநாடு, தேசிய சேவை

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் பொது முறையில் ஐந்து இடங்களைக் குறிப்பிடலாம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு இறுதிநாள் முந்தைய அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முன்பணம் கேட்கும் தேதி உள்ளூர்க் கடிதங்கள் வந்து சேருவதற்கு முன்னதாக இருக்கலாம். பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கோ வேறெங்கோ மருத்துவம் படிக்க அனுப்பும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் கல்லூரிகளின் பட்டியலை. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது 160இலிருந்து 103ஆகச் சுருக்கப்பட்டது. பின்னும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. "நல்ல கல்லூரி, நம்ம சொந்தக்காரப் பையன் அங்கேதான் படித்தான்" என்பதை நம்பி ஐந்தாண்டுப் படிப்பில் காலை விடக்கூடாது.

ஆண்பிள்ளைகள் கட்டாய தேசிய சேவைக்குச் செல்லும் முன்பே விண்ணப்பித்தால் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் இடத்தை அவர்களுக்காக வைத்திருக்கும். இரண்டாண்டில் மனம் மாறுவது சகஜம். முகாமிலிருந்து வார இறுதியில் வீடு வரும் பையன் "வேறு படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கப் போகிறேன்" என்றால் பதறவேண்டாம். புதிய இடம் கிடைக்கும்வரை பழையதை விட்டுவிடாமல் இருக்க என்ன நடைமுறை என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்கச் சொல்லுங்கள்.

ஏற்கும் நாள்

ஒன்றுக்கு மேற்பட்ட தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலிருந்து இடம் கிடைத்தவர்கள் கூட்டு ஏற்புத் தளத்தில் ஒன்றை மட்டுமே ஏற்க முடியும். எங்கிருந்தும் இடம் கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்யலாம். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் அதற்குப் பலன் இருக்கும். கடைசி நாள் நள்ளிரவுவரை இழுக்காமல் இரண்டு நாள் முன்னதாக முடிவெடுங்கள். பிள்ளையின் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) பிள்ளையின் கையில் இருக்கட்டும்; பொத்தானை அழுத்துவது அவர்களாகவே இருக்கட்டும். ஏற்ற பின் திரையில் வரும் உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள். அடுத்து உங்கள் முறை: கல்விக் கடனுக்குப் பிணையாளர் கையெழுத்திட வேண்டிய நாள் எது என்று பார்த்து, அன்று விடுப்புக்கு எழுதிப் போடுங்கள்.