மத்தியானம் ஏற்று, சாயங்காலம் இறக்கு: பிளக்-இன் ஹைப்ரிட் வண்டியால் கரண்ட்டுக்குக் கைகொடுப்பது எப்படி?

சாயங்காலம் ஏழு மணி. ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் மச்சான் தன் பிளக்-இன் ஹைப்ரிட் காரை நிறுத்திய கையோடு சார்ஜர் பிளக்கைச் சொருகினார். பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் சொருகி ஏற்றும் பேட்டரியிலும் ஓடும் வண்டி அது. உள்ளே ஏசி, பக்கத்து வீட்டில் மோட்டார், தெரு முழுக்க விளக்கு. "மச்சான், இப்பப் பிடுங்குங்க, நாளைக்கு மத்தியானம் போடலாம்" என்றேன். "வண்டி என்னோடது, கரண்ட் பில்லும் என்னோடது. உனக்கென்ன மாப்ளே?" என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆள் ஏற்றிய ஷேர் ஆட்டோ பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது வேகம் குறையும். டிரைவர் ஆக்சிலேட்டரை முறுக்குவார். மின்நிலையங்களையும் நம் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்பும் அப்படித்தான். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அதாவது கரண்ட் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடி வர வேண்டும். எடுப்பது உற்பத்தியை மிஞ்சினால் அந்த எண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. மத்தியானம் கொட்டும். பொழுது சாய்ந்தால் ஒன்றுமில்லை. நாம் ஏசி போடுவதோ அதற்கப்புறம்தான். இந்த இடைவெளியில் வண்டியின் பேட்டரி புகுந்து விளையாடலாம்.

முதலில் உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள். நம் ரோட்டில் ஓடும் ஹைப்ரிட்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொருகும் வழியே கிடையாது. பிரேக்கிலும் எஞ்சினிலும் வரும் கரண்ட்டை மட்டும் சேமிப்பவை. அவற்றால் இந்த வேலை ஆகாது. பெட்ரோல் மூடியோடு சார்ஜ் துவாரமும் இருந்தால்தான் பிளக்-இன். நம் பக்கம் இன்னும் அபூர்வம். முழு பேட்டரி கார் வைத்திருப்பவர்களும் படிக்கலாம், பெட்ரோல் பற்றிய வரிகளைத் தாண்டிவிட்டு.

அடுத்து, சார்ஜ் பாயின்ட். கடற்கரை ஊரில் இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். உப்புக்காற்றில் செம்பு முனை பச்சைக் களிம்பு பிடிக்கும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகும். மச்சான் வீட்டு சாக்கெட்டைக் கழற்றினால், ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் காபி நிறத்தில் உருகியிருந்தது. சார்ஜ் ஏற்றத் தனி வயர் இழுத்து, நல்ல 16 ஆம்பியர் சாக்கெட், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, இரண்டையும் எலக்ட்ரீசியனை வைத்துப் போடுங்கள். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மணல் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், உப்புத் தண்ணீர் பட்டால் குழாய் அரித்துப்போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது நேரம். வண்டியின் திரையிலோ போன் ஆப்பிலோ சார்ஜிங் டைமர் இருக்கும். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை என்று வையுங்கள். 12 யூனிட் பேட்டரி 3 கிலோவாட்டில் நாலு மணி நேரத்தில் நிரம்பிவிடும். பகலில் வண்டி வெளியே போகிறதா? இரவு பதினொன்றுக்கு மேல் வையுங்கள். மாலை ஆறு முதல் பத்து வரை மட்டும் கூடாது.

என் கணக்கில் உதவியில் முக்கால்வாசி இந்த ஒரு டைமர்தான். 2 லட்சத்து 16 ஆயிரம் வண்டிகள் மத்தியானம் 3 கிலோவாட் இழுத்தால் கமுதியின் முழு 648 மெகாவாட்டையும் குடித்துவிடும். முழு பேட்டரி கார்க்காரருக்குத் தள்ளிப்போடப் பயமாக இருக்கும். ராத்திரி திடீரென்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால்? ஹைப்ரிட்டில் பெட்ரோல் இருக்கிறது, அதனால் துணிந்து தள்ளிப்போடலாம். மச்சான் மசிந்ததும் இந்த இடத்தில்தான்.

அப்புறம், மாலையில் வண்டியிலிருந்து எடுப்பது. 2013இல் ஜப்பானில் வந்த மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட்டிலேயே 1500 வாட் சாக்கெட் இருந்தது. உங்கள் வண்டியிலும் அப்படி இருந்தால் ஃபேன், விளக்கு, டிவி, ஃபிரிட்ஜை அதில் ஓட்டுங்கள். எல்லாம் சேர்த்து 350 வாட் என்றாலும் நாலு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான். சில வண்டிகளில் பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டில் அந்தப் புகை ஆளைக் கொல்லும். வெட்டவெளியில் மட்டும் நிறுத்துங்கள். மின்தொகுப்புக்கு உதவுகிறேன் என்று பெட்ரோலை எரிப்பதும் வீண், பேட்டரி பாதிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வண்டியை வீட்டு சாக்கெட்டில் இணைக்கவே இணைக்காதீர்கள். அந்தக் கரண்ட் தெருவுக்குப் போகும், டிரான்ஸ்பார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனின் உயிர் போகும். வீட்டு வயரிங்கோடு சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் எலக்ட்ரீசியன் போட்ட சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியாக மட்டும். வீட்டை ஒன்று தெரு லைனோடு, இல்லை வண்டியோடு மட்டுமே சேர்க்கும் ஸ்விட்ச் அது.

கரண்ட்டைத் திருப்பிக் கம்பத்துக்கே அனுப்பும் யோசனையும் உண்டு. அமெரிக்காவில் வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டென்ட்ரேவும் 1997இலேயே இதைக் கட்டுரையாக எழுதினார்கள். அதற்கு வண்டியும் சார்ஜரும் இருவழியாக, அதாவது கரண்ட்டை ஏற்றவும் திருப்பி அனுப்பவும் முடிகிறதாக இருக்க வேண்டும், மின்வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ஆரம்பக்காரர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

புயல் காலமான ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் டைமரை ஒதுக்கி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டேங்கையும் பேட்டரியையும் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். அன்றைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு மச்சான் பிளக்கைச் சொருகினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.