மார்பிள் கட்டருக்கு எந்த எக்ஸ்டென்ஷன் ஒயர்? வாங்குவதும் கட்டுவதும்

முதல்முறையாக மார்பிள் கட்டரோ கிரைண்டரோ வாங்குகிறவர்கள் பலர், வீட்டில் டிவிக்குப் பின்னால் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸையே எடுத்து மாடி வரைக்கும் நீட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு டைல்ஸ் வெட்டுவதற்குள் ஒயர் சூடாகி, பிளக் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. செல்போன் சார்ஜருக்காகச் செய்த பாக்ஸ் அது, மோட்டாரைத் தாங்காது.

மெஷின் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள்

முதலில் வாட்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். அதை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 850 வாட்ஸ் கிரைண்டர் நாலு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, 1400 வாட்ஸ் கட்டர் ஆறு ஆம்பியர். சுவிட்சைப் போடும் அந்த நொடியில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது டபுள் இன்சுலேஷன் மெஷின், அதற்கு எர்த் தேவையில்லை, ஒயரிலும் இரண்டு கோர்தான் (உள்ளே ஓடும் தனித்தனி ஒயர்) வரும். அதற்காக எக்ஸ்டென்ஷனையும் இரண்டு கோரில் வாங்கிவிடாதீர்கள். நாளைக்கு அதே பாக்ஸில் இரும்பு பாடி வைத்த பெஞ்ச் கிரைண்டரையோ தண்ணீர் மோட்டாரையோ யாராவது சொருகுவார்கள். எப்போதும் மூணு கோர்தான்.

ஒயர் கனம்

கடையில் "ஒன்றரை ஸ்கொயர் மூணு கோர் பிளெக்ஸிபிள், காப்பர்" என்று கேளுங்கள் (ஸ்கொயர் என்றால் உள்ளே உள்ள செம்பின் கனம், சதுர மில்லிமீட்டரில்), ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். நான் வைத்திருக்கும் கணக்கு: 1000 வாட்ஸ் வரை, 15 மீட்டருக்குள் என்றால் 1 ஸ்கொயர் போதும். 1500 வாட்ஸ் வரை, 30 மீட்டருக்குள் என்றால் 1.5. அதற்கு மேல் வாட்ஸோ நீளமோ எது கூடினாலும் 2.5.

ஏன் இவ்வளவு கனம்? 30 மீட்டர் 0.75 ஸ்கொயர் ஒயரில் 6 ஆம்பியர் ஓடினால், போக வர 60 மீட்டரில் சுமார் 9 வோல்ட் ஒயரிலேயே தொலைந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட வாட்ஸ் வெறும் சூடாகப் போகும். 2.5-ல் மூணு வோல்ட்தான். சைட்டில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருந்தால் மெஷின் திணறும், நாம் இன்னும் அழுத்துவோம், கடைசியில் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்) கருகும். சுருட்டி வைத்த ஒயரில் அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லை, அதனால் பத்து மீட்டர்தான் வேண்டும் என்றாலும் முழுச் சுருளையும் பிரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பிளக், சாக்கெட் கட்டுவது

1000 வாட்ஸுக்கு மேல் என்றால் 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் போடுங்கள். ஒயருக்குள் சிவப்பு (ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர்), கறுப்பு (நியூட்ரல்), பச்சை (எர்த்) இருக்கும், சிலவற்றில் அதே வரிசையில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: வீட்டு மூணு ஃபேஸ் ஒயரிங்கில் நீலம் ஒரு ஃபேஸ், ஆனால் இந்த ஒயரில் நீலம் நியூட்ரல். பச்சை எங்கே இருந்தாலும் எர்த், அது பெரிய பின்னுக்குப் போகும். உள்ளே எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது காலில் மாட்டி இழுத்துவிட்டால் அதுதான் கடைசியாகக் கழல வேண்டும். மேல் உறையும் சேர்ந்து கிளிப்புக்குள் இறுக வேண்டும், உள் ஒயர் வெளியே தெரியவே கூடாது.

கட்டி முடித்ததும் கரண்டில் சொருகுவதற்கு முன், மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் இடத்தில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னையும் சாக்கெட்டின் பெரிய ஓட்டையையும் தொடுங்கள். பீப் வர வேண்டும். பெரிய பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் இடையில் வரக் கூடாது. ரெடிமேடாக வாங்கிய பாக்ஸையும் இப்படிப் பாருங்கள், மூணு ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டே ஒயர் ஓடும் பாக்ஸ்கள் விற்கிறார்கள்.

ஆர்சிசிபி இல்லாமல் தண்ணீர் ஊற்றி வெட்டாதீர்கள்

போர்டில் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து அணையும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஓர் ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும், அதற்கெல்லாம் எம்சிபி விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிவைப் பார்க்கும் சுவிட்ச், உடம்பு வழியாகத் தரைக்குக் கரண்ட் கசிந்த கணமே விழுந்துவிடும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் மட்டும் அதற்குத் தெரியாது. வேலை ஆரம்பிக்கும் முன் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் வேலை.

சாக்கெட் பாக்ஸைத் தரையில் வைக்காமல், தண்ணீர் வழியாத பக்கம் ஒரு செங்கல்லுக்கு மேலே வையுங்கள். ரப்பர் செருப்பாவது காலில் இருக்கட்டும். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் ஒயரைத் துடைத்துக்கொண்டே கை முழுக்க உருவிப் பாருங்கள். எங்காவது வெட்டுப்பட்டிருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், அந்த இடத்திலேயே துண்டித்துவிட்டு, நீளமான பக்கத்துக்குப் புதிதாகப் பிளக்கோ சாக்கெட்டோ, எது இல்லையோ அதைக் கட்டிக்கொள்ளுங்கள்.